பழைய கணினி, பாரமான ஆன்டிவைரஸ்: வாசகர் கேள்வி–பதில்

‘கணினி ஊர்கிறது, ஆன்டிவைரஸைத் தூக்கிவிடலாமா?’ என்ற கேள்விதான் இம்முறை அதிகம் வந்திருக்கிறது. விண்டோஸ் 10, 11 கணினிகளை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம். வேறு சிஸ்டமாக இருந்தால் அந்த இடத்திலேயே குறித்திருக்கிறோம்.

கேள்வி: 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க் உள்ள பழைய லேப்டாப். விண்டோஸ் 10. ஆன் செய்து இருபது நிமிடத்துக்கு எதையும் திறக்க முடியவில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. முதல் வரியில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’. ஆன்டிவைரஸை நிறுத்தினால் சரியாகிவிடுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். அந்த வரியில் இருப்பது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர். முதலில் அந்த 100 என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கம் போய் டிஸ்க்கைத் தட்டுங்கள். ‘ஆக்டிவ் டைம்’ 100 சதவீதம் என்று இருக்கும். அதற்குக் கீழே ‘ரீட் ஸ்பீடு’ என்ற இடத்தில் நொடிக்கு 1 அல்லது 2 எம்பி மட்டுமே இருக்கும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டிஸ்க் ஓயாமல் உழைக்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை என்பதே அதன் பொருள்.

காரணம் ஹார்டு டிஸ்க்கின் அமைப்பிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டில், வேண்டிய இடம் அதைப் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 5.5 மில்லி செகண்ட் ஆகும். ஹெட் இடம் மாற இன்னும் 10, 12 மில்லி செகண்ட். ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு 60 தடவை போல்தான் எட்டிப் பிடிக்க முடியும். ஒரே பெரிய வீடியோவை வரிசையாகப் படிக்கச் சொன்னால் அதே டிஸ்க் நொடிக்கு 80, 100 எம்பி தந்துவிடும். ஆன்டிவைரஸின் வேலையோ முழுக்க முழுக்கச் சின்ன ஃபைல்களோடுதான்.

கணினியை ஆன் செய்ததும் என்னென்ன ஒரே நேரத்தில் கிளம்புகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆன்டிவைரஸ் புதிய வைரஸ் பட்டியலை இறக்குகிறது. கணினி அணைந்திருந்தபோது தவறிப்போன ஸ்கேனையும் இப்போது எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் அப்டேட் தனியாகத் தேடத் தொடங்குகிறது. தேடலுக்காக ஃபைல்களைப் பட்டியலிடும் சர்ச் இண்டெக்ஸர் தன் பங்குக்குப் படிக்கிறது. அரட்டைச் செயலி, கிளவுட் சேமிப்பு, பிரிண்டர் உதவியாளர் என்று நீங்கள் கூப்பிடாமலேயே தொடங்கும் புரோகிராம்கள் வேறு. ஒவ்வொரு புரோகிராமும் திறக்கும் ஃபைலை ஆன்டிவைரஸ் முதலில் படித்துப் பார்த்த பிறகே விடும். ஒரு முறை பார்த்துச் சுத்தம் என்று குறித்துக்கொண்ட ஃபைலை மறுபடி பார்க்காமல் விடுவது உண்டு. ஆனால் வைரஸ் பட்டியல் புதுப்பிக்கப்பட்டதும் பழைய குறிப்பு செல்லாது, திரும்பப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் ஆன் செய்யப்படும் கணினி தினமும் ஓடும் கணினியைவிட அதிகமாகத் திணறுவது இதனால்தான்.

இனிச் செய்ய வேண்டியது. விண்டோஸ் கீயை அழுத்தி ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்று தேடித் திறந்து, ‘டிஸ்க்’ பக்கத்தில் ‘டிஸ்க் ஆக்டிவிட்டி’ பட்டியலைப் பாருங்கள். எந்த ஃபைல் படிக்கப்படுகிறது என்பது பெயரோடு ஓடும். மேலே வருவது ‘பேஜ்ஃபைல்’ என்றால் சிக்கல் ஆன்டிவைரஸ் இல்லை, ரேம் போதவில்லை. ரேமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. அதே பக்கத்தில் ‘ரெஸ்பான்ஸ் டைம்’ என்ற பத்தியில் சில நூறு மில்லி செகண்ட் தொடர்ந்து காட்டினால் டிஸ்க்கில் வரிசை நீண்டு கிடக்கிறது என்று அர்த்தம்.

பிறகு டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பக்கத்தில், ஆன்டிவைரஸையும் டச்பேட், ஆடியோ போன்ற டிரைவர் சம்பந்தப்பட்டவற்றையும் விட்டு, மற்றவற்றை ‘டிஸேபிள்’ செய்யுங்கள். இது அன்இன்ஸ்டால் ஆகாது. வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

அடுத்து ஸ்கேன் நேரம். ‘டாஸ்க் ஷெட்யூலர்’ திறந்து மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று வரிசையாக உள்ளே போனால் ‘ஷெட்யூல்டு ஸ்கேன்’ என்று முடியும் வரி இருக்கும். அதன் ‘டிரிக்கர்ஸ்’ பகுதியில் கணினி ஆனில் இருந்தும் நீங்கள் உட்காராத ஒரு நேரத்தை வாரம் ஒரு முறை வையுங்கள். ‘கண்டிஷன்ஸ்’ பகுதியில் மின் இணைப்பு இருந்தால் மட்டும், கணினி சும்மா இருந்தால் மட்டும் என்ற இரண்டையும் டிக் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்தால் இருபது நிமிடம் ஏழெட்டாகக் குறையலாம். அதற்கு மேல் இறங்க வேண்டுமானால் சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிதான் வழி. அதற்குத் தனிக் கேள்வியே வந்திருக்கிறது, கீழே பாருங்கள்.

கேள்வி: கணினியோடு வந்த சோதனைக் கால ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது. பிறகு இலவசமாக இன்னொன்று போட்டேன். இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்தேன். ஆனாலும் வேகம் வரவில்லை. சொல்லப்போனால் இப்போது இணையமும் அடிக்கடி நின்றுபோகிறது.

பதில்: அன்இன்ஸ்டால் பாதியில் நின்றிருக்கிறது. ஆன்டிவைரஸ் சாதாரணப் புரோகிராம் மாதிரி ஒரு ஃபோல்டரில் அடங்கியிருப்பதில்லை. ஃபைல் திறக்கும் பாதையில் ஒரு ஃபில்டர் டிரைவர் (கடந்து போவதை நிறுத்திப் பார்த்து விடும் சிறு புரோகிராம்), நெட்வொர்க் பாதையில் இன்னொன்று என்று விண்டோஸின் அடித்தளத்தில் உட்காரும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒரு ஃபைலை இருவரும் பரிசோதிக்கிறார்கள். ஒருவர் பரிசோதனைக்காகத் திறப்பதையே மற்றவர் புதிதாகத் திறக்கப்பட்ட ஃபைலாக எடுத்துக்கொண்டு பரிசோதிப்பதும் உண்டு.

மிச்சம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க ஒரு வழி: ‘கமாண்ட் பிராம்ட்’டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, fltmc என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஃபில்டர்களின் பட்டியல் வரும். ‘ஆல்டிட்யூட்’ என்ற பத்தியில் 320000 முதல் 329998 வரை உள்ள எண்கள் ஆன்டிவைரஸ்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியவை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரின் ஃபில்டருக்கு 328010. அந்த வரம்புக்குள் அதைத் தவிர வேறு பெயர் இருந்தால், நீக்கிவிட்டதாக நீங்கள் நினைக்கும் ஆன்டிவைரஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த டிரைவர் ஃபைலைத் தேடிப் போய்க் கையால் அழிக்காதீர்கள். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயர் இருக்கும்போது ஃபைல் காணாமல் போனால் கணினி கிளம்பாமலேயே போகலாம். நார்ட்டன், மெக்கஃபி, அவாஸ்ட், ஏவிஜி, இசெட், காஸ்பர்ஸ்கை எல்லோருமே தங்கள் இணையதளத்தில் தனியாக நீக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். அவரவர் தளத்திலிருந்து மட்டும் அதை இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: கருவியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் பிட்லாக்கர் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சேஃப் மோடு (அவசியமானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸ் தொடங்கும் நிலை) போகும்போது கேட்கக்கூடும். இணையத்தைத் துண்டியுங்கள். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் நீலத் திரை மெனு வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அங்கே கருவியை ஓடவிட்டு, முடிந்ததும் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து மறுபடி ஆன் செய்தால் போதாது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயக்கத்தில் இருக்கும் கணினி ஷட் டவுனின்போது விண்டோஸின் அடித்தளத்தை டிஸ்க்கில் அப்படியே சேமித்து, அடுத்த முறை அதையே திரும்ப ஏற்றுகிறது. ரீஸ்டார்ட் மட்டுமே உண்மையாகப் புதிதாகத் தொடங்கும்.

இரண்டாவது ஆன்டிவைரஸுக்கும் இதே வேலை. முடிந்த பிறகு ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ திறந்து டிஃபெண்டர் தானாக உயிர்பெற்றிருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு இணையத்தை இணையுங்கள். அப்போதும் இணையம் விட்டுவிட்டு வந்தால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் ‘நெட்வொர்க் ரீசெட்’ இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டுகள் அழியும், குறித்துக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: டிஃபெண்டரில் ‘எக்ஸ்க்ளூஷன்’ என்ற இடத்தில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்தால் கணினி பறக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். செய்யலாமா?

பதில்: கூடாது. அது ஆன்டிவைரஸை நிறுத்துவதைவிட மோசம். நிறுத்தினால் விண்டோஸ் எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருக்கும், சிறிது நேரத்தில் தானாகவே திரும்ப இயக்கும். சி டிரைவையே விலக்கிவிட்டால் எல்லாம் பச்சை டிக்கோடு இருக்கும், உள்ளே காவல் இருக்காது. கணினிக்குள் நுழையும் கெட்ட புரோகிராம்கள் பலவும் முதலில் செய்கிற வேலை இதே பட்டியலில் தங்கள் ஃபோல்டரைச் சேர்த்துக்கொள்வதுதான். ஆகவே உங்கள் பட்டியலை ஒரு முறை திறந்து பாருங்கள். வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் நீக்கிவிட்டு முழு ஸ்கேன் போடுங்கள்.

நியாயமான விலக்கு எது என்றால், நீங்களே உருவாக்கி, வெளியிலிருந்து எதுவும் வந்து விழாத இடம். விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் ஃபைல், புரோகிராமர்கள் கம்பைல் செய்யும் ஃபோல்டர், வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கேஷ் ஃபோல்டர் போன்றவை. டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், டெம்ப், ஆப்டேட்டா, பென் டிரைவ் எழுத்துகள் ஆகியவை எந்த நாளும் அந்தப் பட்டியலில் வரக்கூடாது.

கேள்வி: ஸ்கேன் தொடங்கினால் ஃபேன் அலறுகிறது, லேப்டாப்பின் அடிப்பக்கம் தொட முடியாத சூடு. மவுஸ் அம்பு கூட நின்று நின்று நகர்கிறது. ஸ்கேன் இல்லாத நேரத்தில் பரவாயில்லை.

பதில்: ஸ்கேன் இங்கே நோயை வெளிக்காட்டுகிறது, நோய் வேறு. டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, ‘சிபியு’ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு குவிக் ஸ்கேன் போடுங்கள். ‘பேஸ் ஸ்பீடு’ என்று ஒரு எண் மாறாமல் இருக்கும், உதாரணமாக 2.4 கிகாஹெர்ட்ஸ். பக்கத்தில் ‘ஸ்பீடு’ மாறிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் தொடங்கியதும் அது 2.4-ஐத் தாண்டிப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் 1.2, 0.8 என்று சரிந்து அங்கேயே கிடந்தால், சூடு தாங்காமல் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வேலை அதே, வேகம் மூன்றில் ஒரு பங்கு. பிறகு எப்படி மவுஸ் நகரும்?

பல வருடம் திறக்கப்படாத லேப்டாப்பில் ஃபேனுக்கும் வெப்பத்தை வெளியேற்றும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணி போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து காற்று அடித்தால் அது உள்ளேயே நகரும், வெளியே வராது. பின்பக்க மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஃபேனைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு, தகட்டுப் பக்கத்திலிருந்து ஃபேன் பக்கமாகக் காற்று அடிக்க வேண்டும். பிராசஸர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவில் பாதி வைத்தால் போதும். அதிகம் வைத்தால் குளிர்ச்சி அதிகமாகிவிடாது.

சூடே இல்லாமல் வேகம் மட்டும் 0.8-லேயே கிடக்கிறது என்றால் சார்ஜரைப் பாருங்கள். வாட் குறைந்த சார்ஜர், லேப்டாப்பால் அடையாளம் காண முடியாத சார்ஜர், செத்த பேட்டரி மூன்றுமே சில மாடல்களில் பிராசஸரைக் கட்டிப்போடும்.

இதன் பிறகு வேண்டுமானால் ஸ்கேனின் பங்கைக் குறைக்கலாம். டிஃபெண்டர் ஸ்கேன் பிராசஸரில் சராசரியாக 50 சதவீதம் வரை எடுக்கலாம் என்பது வழக்கமான அமைப்பு. புரோ பதிப்பில் ‘குரூப் பாலிசி எடிட்டர்’ திறந்து டிஃபெண்டர் ஆன்டிவைரஸ், ஸ்கேன் பகுதியில் அதை 20 அல்லது 25 ஆக்கலாம். ஹோம் பதிப்பில் பவர்ஷெல் வழியாக மாற்ற வேண்டும். ஸ்கேன் முடிய அதிக நேரம் ஆகும் என்பதற்குத் தயாராக இருங்கள். ஃபைல் திறக்கும்போது நடக்கும் உடனடிப் பரிசோதனைக்கு இந்த வரம்பு பொருந்தாது.

கேள்வி: முழு ஸ்கேன் போட்டால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. இரவு முழுவதும் விட்டாலும் நகரவில்லை. வேறு ஆன்டிவைரஸ் மாற்றட்டுமா?

பதில்: எதை மாற்றினாலும் அங்கேதான் நிற்கும். முதல் வேலை, இன்றே உங்கள் போட்டோ, ஆவணங்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அது முடிந்த பிறகு மேற்கொண்டு படியுங்கள்.

ஒரே இடத்தில் நிற்பதற்குச் சாதுவான காரணமும் ஒன்று உண்டு. பல ஜிபி அளவுள்ள ஜிப் ஃபைல் அல்லது பழைய மெயில் சேமிப்பு ஃபைல் இருந்தால் ஆன்டிவைரஸ் அதை உள்ளே பிரித்துப் பிரித்துப் பார்க்கும். அப்போது சிபியு ஓடிக்கொண்டே இருக்கும். சிபியு சும்மா இருந்து, டிஸ்க் மட்டும் 100 சதவீதம், ரீட் ஸ்பீடு பூஜ்யம் என்றால் டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் வந்துவிட்டது. ஹார்டு டிஸ்க் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கிறது. ஸ்கேன் அதற்காகக் காத்திருக்கிறது.

‘ஈவென்ட் வியூவர்’ திறந்து விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போய், ‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து 7 அல்லது 153 என்ற எண்ணோடு வரிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். 7 என்றால் கெட்ட பிளாக். 153 என்றால் படிப்பதை மறுபடி முயல வேண்டியிருந்தது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் 05 (மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்டவை), சி5, சி6 (திருத்த முடியாதவை) என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். சி5 என்பது ‘இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை, இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று டிஸ்க்கே வைத்திருக்கும் கணக்கு. அது பூஜ்யம் இல்லை என்றால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. சி7 (தகவல் கடத்தும்போது நேரும் பிழை) மட்டும் ஏறிக்கொண்டு போனால் டிஸ்க் நல்லதாகவே இருக்கலாம். டெஸ்க்டாப்பில், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

நகலெடுக்கும் முன் ‘செக் டிஸ்க்’ போட்டுவிடாதீர்கள். கெட்ட இடங்களைத் தேடும் முழுச் சோதனை, சாகக் கிடக்கும் டிஸ்க்கின் கடைசி மணி நேரங்களைத் தின்றுவிடும். உங்கள் ஃபைல்களுக்கு அந்த மணி நேரங்கள் தேவை.

கேள்வி: ரேம் கூட்டுவதா, எஸ்எஸ்டி போடுவதா? ஒன்றுதான் செய்ய முடியும்.

பதில்: ரேம் 4 ஜிபியோ அதற்கு மேலோ இருந்தால் எஸ்எஸ்டி. ரேம் 2 ஜிபி என்றால் இரண்டும் வேண்டும், அல்லது விண்டோஸை விட்டு லினக்ஸ் போன்ற வேறு சிஸ்டத்துக்கு மாற வேண்டும்.

பழைய லேப்டாப்புக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். இப்போதைய எஸ்எஸ்டிகள் 7 மில்லிமீட்டர் தடிமன். சில பழைய லேப்டாப்புகளின் இடம் 9.5 மில்லிமீட்டர் என்பதால் ஆடாமல் இருக்கச் சட்டம் ஒன்று தேவைப்படும். மதர்போர்டு சாட்டா 2 ஆக இருந்து வேகம் பாதியாகக் குறைந்தாலும் கவலை இல்லை. நமக்கு வேண்டியது சிதறிய ஃபைல்களை எட்டிப் பிடிக்கும் வேகம், அதில் எஸ்எஸ்டி எந்தப் போர்டிலும் ஹார்டு டிஸ்க்கைவிடப் பல மடங்கு முன்னே நிற்கும். பழையதை அப்படியே குளோன் செய்வதானால், நிரம்பியிருக்கும் அளவு எஸ்எஸ்டியின் கொள்ளளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் அமைப்பில் சாட்டா மோடு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். ஐடிஇ என்று இருந்ததை ஏஹெச்சிஐ என்று மாற்றிவிட்டால் குளோன் செய்த விண்டோஸ் நீலத் திரையில் முடியும்.

ரேம் வாங்கினால் லேப்டாப்புக்கு எஸ்ஓடிம் வகை. டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35. டிடிஆர்3எல் 1.5 வோல்ட்டிலும் வேலை செய்யும். 1.35 மட்டுமே தரும் லேப்டாப்பில் சாதாரண டிடிஆர்3 வேலை செய்யாது. 32 பிட் விண்டோஸில் 4 ஜிபிக்கு மேல் ரேம் போட்டுப் பயனில்லை என்பதையும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘மெமரி இன்டெக்ரிட்டி’யை ஆன் செய்யச் சொல்லி விண்டோஸ் மஞ்சள் குறி காட்டியது. செய்தேன். அதிலிருந்து வீடியோ அழைப்பு, கேம் எல்லாம் தடுமாறுகிறது. பிராசஸர் இன்டெல் 6-ஆம் தலைமுறை.

பதில்: உங்கள் சந்தேகம் சரி. இந்த வசதி விண்டோஸின் அடித்தளத்தில் ஓடும் ஒவ்வொரு டிரைவரையும் தனிமைப்படுத்திய இடத்திலிருந்து சரிபார்க்கிறது. இன்டெல் 7-ஆம் தலைமுறையிலிருந்து இதற்கான உதவி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தியவற்றில் அதே வேலையை விண்டோஸ் மென்பொருளால் பாவனை செய்து முடிக்க வேண்டியிருப்பதால் சுமை கூடுகிறது.

எங்கள் கருத்து: வேலையே ஓடாத அளவுக்குத் தடுமாறினால், ‘டிவைஸ் செக்யூரிட்டி’, ‘கோர் ஐசொலேஷன்’ போய் ஆஃப் செய்து ரீஸ்டார்ட் செய்யலாம். உடனடிப் பரிசோதனை, ஃபயர்வால், அப்டேட் மூன்றும் இயங்கினால் வீட்டுக் கணினிக்கு அடிப்படைக் காவல் இருக்கிறது. சமாளிக்கக்கூடிய தடுமாற்றம் என்றால் ஆனிலேயே விடுங்கள்.

கேள்வி: கணினி வேகமாகத்தான் இருக்கிறது. இணையப் பக்கம் மட்டும் திறக்க நேரமாகிறது. அதே வைஃபையில் போனில் உடனே வருகிறது.

பதில்: ஆன்டிவைரஸின் ‘வெப் ஷீல்டு’ அல்லது ‘ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்’. பூட்டிய இணைப்பை நடுவில் திறந்து, படித்து, மறுபடி பூட்டி அனுப்புகிறது. பழைய பிராசஸரில் இது கண்ணுக்குத் தெரியும். பிரவுசரின் முகவரிப் பட்டையில் பூட்டையோ அதன் இடத்திலுள்ள குறியையோ தட்டிச் சான்றிதழைத் திறந்து, அதை வழங்கியவர் என்ற இடத்தில் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் சந்தேகமே இல்லை. அந்த ஒரு பகுதியை மட்டும் அணைக்கலாம். ஃபைல் டிஸ்க்கில் இறங்கும்போது எப்படியும் பரிசோதிக்கப்படும். ஆனால் ஹெச்டிடிபிஎஸ் பக்கங்களுக்குள்ளேயே ஒளிந்து வருவதை ஆன்டிவைரஸ் முன்கூட்டிப் பார்க்காது என்பதால் பிரவுசரைத் தவறாமல் அப்டேட் செய்யுங்கள். கூடவே வந்த விபிஎன், டியூன்-அப், ஷாப்பிங் உதவி நீட்சி இவற்றை யோசிக்காமல் நீக்கலாம்.

கேள்வி: அலுவலகம் கொடுத்த பழைய லேப்டாப். அதிலுள்ள பாதுகாப்பு மென்பொருளை அணைக்கவே முடியவில்லை. வழி உண்டா?

பதில்: அணைக்க வழி தேடாதீர்கள், அது உங்கள் கணினி இல்லை. ‘மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் தொழில்நுட்பப் பிரிவால் எதுவும் செய்ய முடியாது. மூன்று தகவலைக் கொடுங்கள்: தடுமாறிய தேதியும் நேரமும், அப்போது டாஸ்க் மேனேஜரில் மேலே இருந்த பெயர்களின் படம், நீங்கள் திறந்துகொண்டிருந்த ஃபைல் அல்லது புரோகிராம். இவை இருந்தால் அவர்கள் சர்வர் பக்கத்திலிருந்தே ஸ்கேன் நேரத்தை மாற்றலாம், குறிப்பிட்ட புரோகிராமுக்கு விலக்கு தரலாம்.

கேள்வி: விண்டோஸ் 7 கணினி. பெரும்பாலான ஆன்டிவைரஸ்கள் புதிய பதிப்பை ஏற்க மறுக்கின்றன. பழைய பதிப்பு போட்டால் ஊர்கிறது.

பதில்: விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-இலும், 8.1-க்கு 2023 ஜனவரி 10-இலும் நின்றுவிட்டன. குரோம் 109-தான் அவற்றில் ஓடும் கடைசிப் பதிப்பு. ஓட்டை விழுந்த சிஸ்டத்தின் மேல் எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் ஓட்டை அடைபடாது. பழைய பிரிண்டருக்கோ, ஒரே ஒரு பழைய மென்பொருளுக்கோ வைத்திருக்கிறீர்கள் என்றால் இணையத்தை முழுவதுமாகத் துண்டித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இணையம் வேண்டும் என்றால் சிஸ்டத்தையே மாற்ற வேண்டும். வங்கி வேலையை இன்று முதல் அதில் செய்யாதீர்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களும் கவனிக்க: அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நீட்டித்த அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால் ஓராண்டு கூடுதலாகக் கிடைக்கும். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் தொடர்ந்து வருவதைப் பார்த்துப் பதிவு செய்யாமல் இருந்துவிடாதீர்கள். பட்டியல் வேறு, சிஸ்டத்தின் ஓட்டை அடைப்பு வேறு.

கேள்வி: 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டேன், நன்றாக ஓடியது. பாதுகாப்புக்கு கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸ் போட்டேன். அன்றிலிருந்து உறைந்து உறைந்து நிற்கிறது. இதிலுமா?

பதில்: இதிலும்தான். கிளாம்ஏவியின் பின்னணிச் சேவை தன் வைரஸ் பட்டியல் முழுவதையும் ரேமில் ஏற்றி வைத்துக்கொள்ளும். அதற்கே 1 ஜிபிக்கு மேல் ஆகிறது. பட்டியல் புதுப்பிக்கப்படும்போது பழையது இருக்கும்போதே புதியதையும் ஏற்றுவதால் சில நிமிடங்களுக்குத் தேவை இரட்டிப்பாகும். 2 ஜிபியில் அது நடக்கும்போது மற்ற எல்லாம் டிஸ்க்கிலுள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளப்பட்டு டிஸ்க் கதறும்.

‘கிளாம்ஏவி-டீமன்’ என்ற பேக்கேஜை மட்டும் நீக்கிவிடுங்கள். கைமுறை ஸ்கேன் செய்யும் பகுதி அப்படியே இருக்கும். வெளியிலிருந்து வந்த பென் டிரைவையோ, விண்டோஸ் வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பப்போகும் ஃபைலையோ அப்போதைக்கு அப்போது ஸ்கேன் செய்யலாம். அந்த நேரத்திலும் அதே 1 ஜிபி தேவைப்படும் என்பதால் பிரவுசரை மூடிவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் ரேம் முழுவதும் திரும்பக் கிடைத்துவிடும்.